விமானம் மாறும் இடமும் ஒரு நாடே



தொழில் நாடித் தமிழகத்தை விட்டு மும்பைக்கும் டில்லிக்கும் கொல்கத்தாவுக்கும் வந்து வேரூன்றிய நம் குடும்பங்களின் அடுத்த தலைமுறை, இன்று கடல் கடந்து சென்றுவிட்டது. மகன் டொராண்டோவில், மகள் டல்லாஸில், தம்பி மகன் ஆஸ்லோவில் என்று சொல்லாத வீடு நம்மிடையே குறைவு. மகளின் பிரசவத்திற்குத் துணையிருக்கவும், பேரக்குழந்தைக்குப் பெயர் சூட்டவும் மூத்தோர் தனியே விமானம் ஏறிச் செல்வது வழக்கமாகிவிட்டது. அவர்களுக்குரிய டிக்கெட்டைப் பெரும்பாலும் பிள்ளைகளே அங்கிருந்து வாங்கி அனுப்புகின்றனர். சென்றடையும் நாட்டின் விசாவிற்காக மாதக்கணக்கில் அலைகிறோம், பத்திரங்களைச் சேர்க்கிறோம், நேர்காணலுக்கு நாள் குறித்துக் காத்திருக்கிறோம். ஆனால், இடையில் விமானம் மாறும் ஊர் எந்நாட்டைச் சேர்ந்தது, அந்நாடு நம்மிடம் என்ன கேட்கிறது என்று வினவுவோர் மிகச் சிலரே.

வினவாமையின் பயன் கொடியது. ஊறுகாயும் பருப்புப் பொடியும் அடுக்கிப் பெட்டி கட்டி, உற்றாரிடம் விடைபெற்று, நள்ளிரவில் விமான நிலையம் சென்ற அன்னையார், “உங்களை ஏற்றிச் செல்ல இயலாது” என்ற ஒரு சொல்லைக் கேட்டு வீடு திரும்ப நேரும். டிக்கெட் பணம் பெரும்பாலும் போனதுதான். அதனினும் பெரிய இழப்பு, குறித்த நாளில் மகளின் அருகே இருக்க இயலாமற் போவது. ஆகவே, ‘டிரான்சிட் விசா’ என்று வழங்கும் இடைவழி விசாவைப் பற்றி இம்மாதம் சிறிது விரிவாகவே ஆராய்வோம்.

விமான நிலையத்தின் இரு பகுதிகள்

பன்னாட்டு விமான நிலையங்கள் பெரும்பாலும் ஓர் எல்லைக் கோட்டினால் இரு கூறாகப் பிரிக்கப்பட்டுள்ளன. குடியேற்ற அதிகாரி அமர்ந்து பாஸ்போர்ட்டைப் பார்க்கும் இடமே அக்கோடு. ஒரு விமானத்திலிருந்து இறங்கியவர் அவ்வதிகாரியைக் கடவாமலே அடுத்த விமானத்திற்குச் செல்லும் இடத்தை உட்பகுதி என்று கொள்வோம். அதிகாரியைக் கடந்து, பெட்டிகளைப் பெற்றுக்கொண்டு, ஊருக்குள் போகும் வழியில் உள்ள இடத்தை வெளிப்பகுதி என்று கொள்வோம்.

இடைவழி விசாவும் இதற்கேற்ப இருவகைப்படும். உட்பகுதியில் காத்திருப்பதற்கு மட்டும் உரியது ஒன்று. வெளிப்பகுதிக்கு வந்து சில மணி நேரமோ ஓரிரவோ தங்குவதற்கு உரியது மற்றொன்று. உட்பகுதியில் மட்டும் இருந்து செல்வோரிடம் பல நாடுகள் எவ்வித விசாவும் கேட்பதில்லை. சில நாடுகள் குறிப்பிட்ட பாஸ்போர்ட் உடையோரிடம் மட்டும் கேட்கின்றன. வேறு சில நாடுகளில், இறங்கியவர் அனைவரும் அதிகாரியின் முன் வந்தே ஆகவேண்டும்.

“உட்பகுதியில் இருப்பவர் அந்நாட்டில் கால் வைத்தவரே அல்லர், அந்நாட்டுச் சட்டம் அவரை என்ன செய்யும்?” என்று கேட்கும் அன்பர்கள் உண்டு. இக்கேள்வி நீதிமன்றம் வரை சென்றிருக்கிறது. 1992 மார்ச்சில் பாரிஸின் ஓர்லி நிலையத்தில் வந்திறங்கிய சோமாலிய உடன்பிறப்பினர் நால்வர், உள்ளே நுழைய இசைவின்றி, நிலையத்தைச் சார்ந்த காத்திருப்புப் பகுதியில் 20 நாட்கள் நிறுத்திவைக்கப்பட்டனர். விரும்பினால் அவர்கள் வேறு நாட்டிற்குப் போயிருக்கலாமே, ஆகவே இது சிறைவைப்பு ஆகாது என்று பிரெஞ்சு அரசு வாதிட்டது. 1996 ஜூன் 25 அன்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்கவில்லை. பெயர் எதுவாயினும் அப்பகுதி பிரான்சின் மண்ணே, பிரெஞ்சுச் சட்டத்திற்கு உட்பட்டதே என்று அது தீர்ப்பளித்தது. அமூர் வழக்கு என்று அஃது அறியப்படுகிறது. நாம் கொள்ளவேண்டிய பாடம் எளிது: விமானம் மாறும் இடமும் ஒரு நாடே. அதற்கும் ஒரு வாயில் உண்டு. வாயில் காப்போன் உண்டு.

தடுப்பவர் யார்?

இடைவழி விசா இல்லாதவரை லண்டனிலோ நியூயார்க்கிலோ உள்ள அதிகாரிதான் தடுப்பார் என்று நினைக்கிறோம். உண்மை வேறு. பெரும்பாலும் மும்பையிலோ டில்லியிலோ, பெட்டியை நிறுத்துப் போர்டிங் பாஸ் தரும் விமானக் கம்பெனி ஊழியரே தடுப்பவர். பன்னாட்டு விமானப் போக்குவரத்துச் சங்கம் நடத்தும் ‘டிமாடிக்’ என்னும் தொகுப்பில் ஒவ்வொரு நாட்டின் விதியும் பதியப்பட்டிருக்கும். ஊழியர் அதனைப் பார்த்தே முடிவு செய்கிறார். அவர் முன் நாம் எவ்வளவு மன்றாடினாலும் பயனில்லை. அதற்குக் காரணம் உண்டு. உரிய பத்திரம் இல்லாதவரை ஏற்றிச் சென்றால் கம்பெனி தண்டம் கட்டவேண்டும். அவரைத் திருப்பிக் கொண்டுவரும் செலவும் அதன் தலையில் விழும். பிரிட்டனில் இத்தண்டம் ஓர் ஆளுக்கு 2,000 பவுன். ஐரோப்பிய ஒன்றியமும் 2001-இல் தன் உறுப்பு நாடுகளுக்கு இத்தகைய தண்டத்தைக் கட்டாயமாக்கியது. அந்நெறியில் கூறப்படும் தொகைகள் ஆளுக்கு 3,000 யூரோ, 5,000 யூரோ என்னும் அளவின.

இவ்விதி பிறந்த வரலாற்றில் தமிழருக்கும் ஓர் இடமுண்டு என்பது பலர் அறியாதது. 1983-ஆம் ஆண்டுக் கலவரத்திற்குப் பின் இலங்கைத் தமிழர் தஞ்சம் நாடிப் பிரிட்டன் செல்லத் தொடங்கினர். 1985-இல் பிரிட்டன் இலங்கையருக்கு விசாவைக் கட்டாயமாக்கியது. காமன்வெல்த் நாடொன்றின் குடிமக்கள் மீது அது அவ்வாறு விசா விதித்தது அதுவே முதன்முறை. அடுத்த ஆண்டில் இந்தியா, பாகிஸ்தான், வங்காளதேசம், கானா, நைஜீரியா ஆகிய நாடுகளுக்கும் அவ்விதி நீண்டது. 1987 பிப்ரவரியில் லண்டன் ஹீத்ரோ நிலையத்தில், திருப்பியனுப்பப்படவிருந்த 50-க்கும் மேற்பட்ட இலங்கைத் தமிழர், விமானத்தின் அருகே தம் ஆடைகளைக் களைந்து எதிர்ப்புக் காட்டினர். உலகம் முழுதும் அச்செய்தி பரவிற்று. அடுத்த மாதமே அரசு ஒரு சட்டத்தை முன்மொழிந்தது. உரிய பத்திரமின்றி ஒருவரைக் கொண்டுவரும் கம்பெனிக்கு ஆளுக்கு 1,000 பவுன் தண்டம் என்பது அச்சட்டம். 1991-இல் அத்தொகை இருமடங்காயிற்று. ஐரோப்பிய நாடுகள் 1996 மார்ச்சில் வகுத்த முதற் பொது விமான நிலைய விசாப் பட்டியலின் பத்து நாடுகளிலும் இலங்கை ஒன்று.

தஞ்சம் தேடி வருவோர் கரையேறுமுன்னரே அவர்களைத் தடுக்க அமைத்த சல்லடை இது. இதன் நீதி அநீதி பற்றி அறிஞர்கள் இன்றும் வாதிடுகின்றனர். பேரனைப் பார்க்கப் புறப்படும் பாட்டியாரும் அதே சல்லடையின் வழியாகவே செல்லவேண்டியிருக்கிறது என்பதை மட்டும் நாம் மறக்கலாகாது. கவுண்ட்டரில் நிற்கும் ஊழியர் நம்மீது பகைகொண்டு பேசுபவர் அல்லர். தண்டத்திற்கு அஞ்சிப் பேசுபவர். ஆகவே அங்குக் கோபத்தினால் ஆவது ஒன்றுமில்லை. கையிலுள்ள பத்திரத்தினால் ஆவதே உண்டு.

நாடுதோறும் விதி

முதலில் அமெரிக்காவைக் காண்போம். அந்நாட்டு நிலையங்களில், நாம் மேலே கூறிய பொருளில், உட்பகுதி என்பதே இல்லை. மெக்சிகோவிற்கோ டொராண்டோவிற்கோ செல்பவர் நியூயார்க்கில் இரண்டு மணி நேரமே தங்குவாராயினும் குடியேற்ற அதிகாரியைக் கடந்தே ஆகவேண்டும். அதற்கு ‘சி-1’ என்னும் இடைவழி விசாவோ, செல்லுபடியாகும் சுற்றுலா விசாவோ வேண்டும். முன்னாளில் சில பிரயாணிகளை விசாவின்றி மாறிச் செல்லவிடும் ஏற்பாடு ஒன்று இருந்தது. பாதுகாப்புக் காரணம் கூறி 2003 ஆகஸ்ட்டில் அதனை நிறுத்திவிட்டனர். கனடா விசா மட்டும் பெற்ற தந்தையாருக்கு, விலை குறைவென்று கருதி நியூயார்க் வழியாக டிக்கெட் எடுத்தால், அவர் மும்பையிலேயே நின்றுவிடுவார்.

கனடாவும் இந்தியப் பாஸ்போர்ட் உடையோரிடம் இடைவழி விசா கேட்கிறது. 48 மணி நேரத்திற்குள் கடந்து செல்வோர்க்கு உரிய அவ்விசாவிற்குக் கட்டணம் இல்லை. கட்டணம் இல்லையென்பதால் விண்ணப்பமும் வேண்டாமென்று எண்ணிவிடலாகாது. அமெரிக்க விசா இருக்கிறதே, டொராண்டோ வழியாகப் போகலாம் என்று கருதுவோர் இதனை மனத்திற் கொள்க.

பிரிட்டனின் விதி சற்றுச் சிக்கலானது. உட்பகுதியில் மட்டும் இருந்து மாறிச் செல்வதற்கும் அந்நாடு இந்தியரிடம் விசா கேட்கிறது. ஊருக்குள் வந்து மாறுவோர்க்கு வேறு விசா. அது 48 மணி நேரம் வரைக்கும் உரியது. அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகியவற்றின் செல்லுபடியாகும் விசா உடையோர்க்கு உட்பகுதி விசாவிலிருந்து விலக்கு உண்டு. ஆதலால் டல்லாஸிற்கு லண்டன் வழியாகச் செல்லும் அம்மையார் இடர்ப்படுவதில்லை. ஆனால் ஆஸ்லோவிற்குச் செல்பவரின் நிலை வேறு. அவரிடம் இருப்பது ஐரோப்பாவின் குறுகிய காலச் சுற்றுலா விசா. அது மேற்படி விலக்கிற்கு உரியதன்று. அங்குத் தங்கி வாழ்வோரின் வதிவிட அனுமதிப் பத்திரமும் நீண்ட கால விசாவுமே விலக்கிற்கு உரியன. அருகருகே உள்ள நாடுகள்தாமே என்று எண்ணி லண்டன் வழியைத் தேர்ந்தெடுப்போர் ஏமாறும் இடம் இது. தம்பி மகன் ஆஸ்லோவில் இருந்தால், கோபன்ஹேகன் வழியோ தோகா வழியோ நன்று.

ஐரோப்பாவில் ஷெங்கன் உடன்படிக்கையில் சேர்ந்த 29 நாடுகளுக்கும் 2009-ஆம் ஆண்டு விசாச் சட்டம் பொது. உட்பகுதிக்கும் விசா பெறவேண்டிய நாடுகளின் பொதுப் பட்டியல் ஒன்று அதில் உண்டு. ஆப்கானிஸ்தான், ஈரான், பாகிஸ்தான், வங்காளதேசம், இலங்கை முதலியன அதில் அடங்கும், இந்தியா இல்லை. ஆயினும் ஒவ்வோர் உறுப்பு நாடும் தன் நிலையங்களுக்கென்று வேறு நாடுகளையும் சேர்த்துக்கொள்ளச் சட்டம் இடந்தருகிறது. பிரான்சு அவ்வாறு இந்தியரிடம் கேட்டுவந்ததை 2018 ஜூலையில் நீக்கியது. ஜெர்மனியும் நெடுங்காலம் கேட்டு வந்த நாடு. ஆகவே பிராங்பர்ட் அல்லது மியூனிக் வழியாகச் செல்வோர், அந்நாட்டுத் தூதரகத்தின் அன்றைய விதியைப் பார்த்த பின்னரே டிக்கெட் எடுத்தல் நலம். அமெரிக்கா, கனடா, ஜப்பான் ஆகியவற்றின் செல்லுபடியாகும் விசா உடையோரிடம் உட்பகுதி விசா கேட்கப்படுவதில்லை என்பது ஓர் ஆறுதல்.

ஷெங்கன் நாடுகளில் இன்னொரு கண்ணி உண்டு. அவற்றுக்கிடையே எல்லைச் சோதனை இல்லையாதலால், ஒன்றிலிருந்து மற்றொன்றிற்குப் பறப்பது உள்நாட்டுப் பிரயாணம் போன்றது. மும்பையிலிருந்து ஆம்ஸ்டர்டாம், அங்கிருந்து மாட்ரிட், அங்கிருந்து பிரேசில் என்று டிக்கெட் அமைந்தால், ஆம்ஸ்டர்டாமிலேயே அவர் ஐரோப்பாவினுள் நுழைந்தவர் ஆகிறார். அப்போது உட்பகுதி விசா போதாது; முழு ஷெங்கன் விசாவே வேண்டும். ஒரே ஷெங்கன் நிலையத்தில் மாறுவது வேறு. இரண்டில் மாறுவது வேறு.

துபாய், அபுதாபி, தோகா ஆகிய நிலையங்களில், ஒரே டிக்கெட்டில் உட்பகுதியிலேயே விமானம் மாறும் இந்தியருக்கு விசா வேண்டியதில்லை. மூத்தோரைத் தனியே அனுப்பும் பலர் இவ்வழியை விரும்புவதற்கு இஃதும் ஒரு காரணம். சிங்கப்பூரிலும் அவ்வாறே. ஊருக்குள் சென்று வர விரும்புவோர்க்கு, அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, பிரிட்டன் முதலிய சில நாடுகளின் செல்லுபடியாகும் விசா இருக்குமாயின், அந்நாடுகளுக்குப் போகும் வழியிலோ திரும்பும் வழியிலோ 96 மணி நேரம் விசாவின்றித் தங்க, நிபந்தனைகளுக்கு உட்பட்டுச் சிங்கப்பூர் இசைவளிக்கிறது. மலேசியா 2023 டிசம்பர் முதல் இந்தியருக்கு 30 நாள் விசா விலக்கு அளித்தது. அது காலவரையறைக்கு உட்பட்ட சலுகையாதலால், புறப்படும் நாளில் நடைமுறையில் உள்ளதா எனப் பார்த்துக்கொள்ளல் வேண்டும். ஆஸ்திரேலியாவின் இடைவழி விசாவிற்கு எண் 771, கட்டணம் இல்லை, 72 மணி நேரம் வரைக்கும் உரியது.

டிக்கெட்டில் மறைந்துள்ள இடர்

இதுகாறும் கூறியவற்றில் ‘உட்பகுதியில் மாறுவோர்’ என்ற சொல் பலமுறை வந்தது. எவரெவர் உட்பகுதியில் மாற இயலும் என்பதை டிக்கெட்டே தீர்மானிக்கிறது. ஒரே டிக்கெட்டில் இரு விமானங்களும் இணைந்திருந்தால், பெட்டிகள் நேரே இறுதி ஊருக்குப் போகும். இரண்டாம் விமானத்தின் போர்டிங் பாஸும் பொதுவாக முதலிலேயே கிடைக்கும். விலையைக் குறைக்க எண்ணி இரு கம்பெனிகளில் தனித்தனி டிக்கெட் எடுத்தால் நிலை மாறுகிறது. பல வேளைகளில் இடைவழியில் இறங்கி, அதிகாரியைக் கடந்து, பெட்டிகளைப் பெற்று, மீண்டும் வேறு கவுண்ட்டரில் ஒப்படைக்க வேண்டிவரும். உட்பகுதிக்கு விசா கேட்காத நாடும் அப்போது நுழைவு விசா கேட்கும். சில ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடித்தவர் முழு டிக்கெட்டையும் இழப்பது இங்கேதான்.

முனையங்களையும் கவனித்தல் வேண்டும். கோலாலம்பூரில் முனையம் ஒன்றும் முனையம் இரண்டும் வெவ்வேறு கட்டடங்கள். அவற்றை இணைக்கும் இரயில் வெளிப்பகுதியில் ஓடுகிறது. லண்டனில் ஹீத்ரோவில் இறங்கி காட்விக்கில் ஏறவும், பாரிஸில் ஷார்ல் தெ கோலில் இறங்கி ஓர்லியில் ஏறவும், டோக்கியோவில் நரிடாவில் இறங்கி ஹானேடாவில் ஏறவும் ஊரின் சாலைவழியே செல்லவேண்டும். கணினித் திரையில் ஒரே நகரின் பெயர் தோன்றுவதால், இரண்டும் வெவ்வேறு நிலையங்கள் என்பது கண்ணிற் படாமற் போகிறது.

விமானம் தாமதமாகி ஓரிரவு தங்க நேர்ந்தால் என்ன செய்வது என்பதும் சிந்திக்கத்தக்கது. கம்பெனி ஊருக்குள் விடுதி கொடுத்தாலும், நுழைவு விசா இல்லாதவரை அந்நாடு வெளியே விடவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சர்க்கரை நோய்க்கு மருந்து உண்போரும் மூட்டுவலி உடையோரும் நாற்காலியிலேயே இரவைக் கழிக்க நேரலாம். ஆகவே ஒரு நாளைக்கு மேலான மருந்தும், ஒரு போர்வையும் கைப்பையில் இருத்தல் வேண்டும், பெட்டியில் அன்று.

நம்மவருக்கே உரிய இடர் ஒன்றும் உண்டு. தமிழர் பலருக்குக் குடும்பப் பெயர் இல்லை; தந்தையின் பெயர் முதலெழுத்தாக நிற்கும். பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் மட்டும் இருந்தால், அமெரிக்க விசாவில் முதற்பெயர் தெரியவில்லை என்று பொருள்படும் ‘எஃப்.என்.யு.’ என்னும் எழுத்துக்கள் அச்சாகின்றன. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு நாடுகள், ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுடன் வருகை விசாவில் வருவோரை ஏற்பதில்லை என்று அறிவித்தது. பின்னர், இரண்டாம் பக்கத்தில் தந்தையார் பெயரோ குடும்பப் பெயரோ இருப்பின் ஏற்பதாக விளக்கமளித்தது. துபாயில் ஓரிரு நாள் தங்கிச் செல்ல நினைப்போர் இதனை முன்னரே பார்த்துக்கொள்க. பாஸ்போர்ட், விசா, டிக்கெட் மூன்றிலும் பெயர் ஒன்றுபோல் அமைதல் எந்நாட்டிற்கும் நலம்.

ஒரு குடும்பம், பல பாஸ்போர்ட்டுகள்

ஒரே குடும்பத்தில் தாத்தாவிடம் இந்தியப் பாஸ்போர்ட், மகனிடம் கனடாப் பாஸ்போர்ட், பேரனிடம் அமெரிக்கப் பாஸ்போர்ட் என்று இருப்பது இன்று அரிதன்று. யாழ்ப்பாணத்தில் பெண்கொடுத்த, பெண்ணெடுத்த குடும்பமாயின் இலங்கைப் பாஸ்போர்ட்டும் உடன் சேரும். விமானம் ஒன்று, டிக்கெட் ஒன்று, இருக்கைகளும் அருகருகே. ஆயினும் விதி நால்வருக்கும் நான்கு. மகனுக்குத் தடையில்லாத வழி தந்தைக்கும் தடையில்லாதது என்று கொள்ளலாகாது. பிள்ளைகள் தம் பாஸ்போர்ட்டின் பழக்கத்தைக் கொண்டு பெற்றோருக்கு டிக்கெட் எடுப்பதே பல தொல்லைகளுக்கு வேர்.

அமெரிக்காவில் பணிபுரியும் பிள்ளைகள் தங்களையும் இவ்வாறே சோதித்தல் வேண்டும். பாஸ்போர்ட்டில் ஒட்டிய விசாவின் நாள் கடந்திருக்கும். தங்கும் உரிமையோ புதுப்பித்த பத்திரத்தின்படி நீண்டிருக்கும். அங்கு வாழ்வதற்கு அப்பத்திரம் போதும். அதுவே விசா ஆகிவிடாது. ‘செல்லுபடியாகும் அமெரிக்க விசா உடையோர்க்கு விலக்கு’ என்று பிற நாடு கூறும்போது, நாள் கடந்த விசாவுடன் தாய்நாடு திரும்புவோர்க்கு அவ்விலக்கு எந்த நிபந்தனையின்மேல் கிட்டும் என்பதைத் தனியே கேட்டறிதல் வேண்டும்.

நம் நாடும் இதில் விலக்கன்று. அயல்நாட்டுப் பாஸ்போர்ட் உடையவர் நிலையத்தை விட்டு வெளியேறாமல் 24 மணி நேரத்திற்குள் வேறு நாட்டிற்குச் செல்வாராயின் இந்திய விசா வேண்டியதில்லை. லண்டனிலிருந்து மும்பை வந்து, அங்கிருந்து உள்நாட்டு விமானத்தில் சென்னை சென்று, பின்னர் கொழும்பு செல்லும் உறவினருக்கோ விசா வேண்டும்; ஏனெனில் மும்பையில் அவர் நம் எல்லைக் கோட்டைக் கடந்துவிடுகிறார். பிற நாட்டின் விதி நம்மை உறுத்தும்போது, நம் விதியும் அயலாரை அவ்வாறே நிறுத்துகிறது என்பதை நினைத்தால் மனம் சமநிலை பெறும்.

செய்யத்தக்கன

டிக்கெட் வாங்குமுன் ஒரு தாளில் ஐந்து வினாக்களை எழுதி விடை காண்க. விமானம் இறங்கும் ஒவ்வோர் ஊரும் எந்நாட்டைச் சேர்ந்தது? எல்லாம் ஒரே டிக்கெட்டா, பெட்டிகள் நேரே போகுமா? இறங்கும் நிலையமும் ஏறும் நிலையமும் ஒன்றா? பிரயாணம் செய்யும் ஒவ்வொருவரின் பாஸ்போர்ட்டிற்கும் அந்நாடு என்ன கேட்கிறது? திரும்பும் வழிக்கும் இதே விடைதானா? கடைசி வினாவைப் பலர் மறக்கின்றனர். போகும்போது செல்லுபடியான விசா, ஆறு மாதம் கழித்துத் திரும்பும்போது காலாவதியாகியிருக்கலாம். போகும் வழி தோகாவாகவும் வரும் வழி லண்டனாகவும் அமைந்திருக்கலாம்.

விடையைத் தூதரகத்தின் அதிகாரபூர்வ அறிவிப்பிலிருந்தும், விமானக் கம்பெனியிடமிருந்தும் பெறுக. கம்பெனி தரும் விடையை எழுத்தில் பெறுதல் நன்று. பக்கத்து வீட்டார் சென்ற ஆண்டு சென்று வந்த அனுபவம் அன்பின்பாற்பட்டதே. ஆனால் அது விதியாகாது. மேலே கண்டபடி அமெரிக்கா 2003-இல் ஒரு சலுகையை நிறுத்தியது. பிரான்சு 2018-இல் ஒரு தடையை நீக்கியது. இருபுறமும் மாறுவது விதியின் இயல்பு. இக்கட்டுரையில் கூறியவற்றையும் டிக்கெட் எடுக்கும் நாளில் மீண்டும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுமாறு வேண்டுகிறோம்.

தனியே செல்லும் மூத்தோரின் கைப்பையில் ஓர் உறை இருக்கட்டும். அதில் விசாவின் நகல், முழு டிக்கெட்டின் நகல், இடைவழி நாட்டின் விதி அச்சிட்ட தாள், அங்குள்ள பிள்ளையின் தொலைபேசி எண், இங்குள்ள ஒருவரின் எண் ஆகியவை இருக்கட்டும். எந்த ஊரில் இறங்கி, எத்தனை மணி நேரம் காத்திருந்து, எவ்விமானம் ஏறவேண்டும் என்பதைத் தமிழில் பெரிய எழுத்திலும், ஊழியரிடம் காட்டுவதற்கு ஆங்கிலத்திலும் ஒரே தாளில் எழுதித் தருக. சக்கர நாற்காலி வேண்டுமென்று முன்பே பதிந்தால், துணைக்கு வரும் ஊழியரே வழிகாட்டி அழைத்துச் செல்வார். நடக்க இயன்றவர் அதனைக் குறைவாகக் கருதவேண்டியதில்லை.

இன்னொரு சொல் பிள்ளைகளுக்கு. வாழ்நாள் முழுதும் உங்களைக் கைபிடித்து நடத்திய பெற்றோர், அந்நள்ளிரவில் கவுண்ட்டரின் முன் தனியே நிற்கின்றனர். அங்குக் கேட்கப்படும் கேள்விக்கு விடையளிக்க வேண்டியவர் டிக்கெட்டைத் தேர்ந்தெடுத்த நீங்களே. ஆனால் நிற்பவர் அவர். வழியைத் தேர்ந்தெடுக்கும்போது விலையை மட்டும் பாராமல், அவர் கையிலுள்ள பாஸ்போர்ட்டையும் எடுத்துப் பாருங்கள். அரை மணி நேர வேலை அது. அதனைச் செய்துவிட்டால், வாயில் காப்போன் எவராயினும் உங்கள் தாயார் தலைநிமிர்ந்து கடந்து வருவார்.